பஸ் ஓடுகிறது, அதை ஆள்வது யார்?

எமது சமூகத்தில் சேமிப்பு கொஞ்சம் கையில் சேர்ந்ததும் பலருக்கு வரும் யோசனைகளில் ஒன்று பஸ் போடுவது. மத்திய கிழக்கிலிருந்து திரும்பியவர்களும் கடையை மகனிடம் ஒப்படைத்தவர்களும் ஓய்வூதியப் பணத்தை என்ன செய்வதென்று யோசிப்பவர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. பஸ்ஸின் விலை, லீசிங் தவணை, டீசல் செலவு, டயர் செலவு என்று எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து வைத்திருப்பார்கள். ஆனால் அந்தத் தடத்தில் ஏற்கனவே எத்தனை பஸ்கள் ஓடுகின்றன, நேர அட்டவணையை வகுப்பவர் யார், அது மீறப்பட்டால் தண்டிப்பவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை.

ஏனைய தொழில்களில் முதலீட்டாளரின் திறமை பெரும்பங்கு வகிக்கிறது. பஸ் தொழிலில் அப்படியல்ல. கட்டணத்தைத் தீர்மானிப்பது அரசு. தடத்தைத் தீர்மானிப்பது அனுமதிப்பத்திரம். புறப்படும் நேரத்தைத் தீர்மானிப்பது அட்டவணை. எனவே இத்தொழிலின் இலாபமும் நட்டமும், பிரயாணியின் வசதியும் உயிரும், இவற்றை நிர்வகிக்கும் நிறுவனங்களின் தரத்திலேயே தங்கியிருக்கின்றன. பயணிகள் போக்குவரத்தை ஆளுவதென்பது வியாபாரப் பக்கத்துக்குப் பொருத்தமில்லாத விடயம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

முன்னும் பின்னும் ஓடும் இரு பஸ்கள்

ஒரு சிறிய கணக்குடன் ஆரம்பிப்போம். இது விளங்கிக்கொள்வதற்கான ஓர் உதாரணம் மாத்திரமே.

ஒரு தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். வழிநெடுகிலும் நிமிடத்துக்கு 6 பேர் வீதம் பிரயாணிகள் வந்து சேர்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் 60 பேர் கிடைப்பார்கள். இப்போது முன்னால் செல்லும் பஸ் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் வேண்டுமென்றே தாமதித்து, மொத்தத்தில் 5 நிமிடம் பிந்துகிறது. அதற்கு 90 பேர் கிடைக்கிறார்கள். பின்னால் வரும் பஸ்ஸுக்கு எஞ்சுவது 30 பேர். ஆளுக்குச் சராசரியாக 50 ரூபா என்றால் முன்னவரின் வசூல் 4,500 ரூபா, பின்னவரின் வசூல் 1,500 ரூபா.

பின்னால் வரும் சாரதி என்ன செய்வார்? முந்திச் செல்லப் பார்ப்பார். முன்னவர் வழிவிட மாட்டார். ஊருக்குள் நத்தை வேகம், ஊரைத் தாண்டியதும் பேய் வேகம் என்று நாம் தினமும் காணும் காட்சி இப்படித்தான் உருவாகிறது. இங்கு கவனிக்கத்தக்க விடயம் ஒன்றுண்டு. இரு பஸ்களும் ஒழுங்காக ஓடியிருந்தாலும் மொத்த வசூல் 6,000 ரூபாதான். போட்டி போட்டு ஓடினாலும் அதே 6,000 ரூபாதான். ஒரு பிரயாணி கூட அதிகரிக்கவில்லை. அதிகரித்தவை டீசல் செலவும், பிரேக் தேய்மானமும், விபத்துக்கான வாய்ப்பும் மாத்திரமே. அடுத்த முறை பின்னவர் முன்னவராகி அதே பழியைத் தீர்த்துக்கொள்வார். மாத முடிவில் இருவருமே நட்டவாளிகள்.

இதற்குச் சாரதியின் குணத்தைக் குறை கூறுவது எமது வழக்கம். ஆனால் தனியார் பஸ்கள் பலவற்றில் சாரதிக்கும் நடத்துநருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. அன்றைய வசூலில் ஒரு பங்கு, அல்லது உரிமையாளருக்கு நிர்ணயித்த தொகையைக் கொடுத்த பின் எஞ்சுவது என்பதே அவர்களின் வருமானம். நியமனக் கடிதமோ ஊழியர் சேமலாப நிதியோ இல்லாதவர்கள் ஏராளம். ஏறும் தலைக்கு ஏற்ப வயிற்றுப்பாடு என்று ஆக்கிவிட்டு, நிதானமாக ஓட்டு என்று உபதேசம் செய்வதில் பயனில்லை.

மாலை 7 மணிக்குப் பின்னர் பல கிராமங்களுக்குப் பஸ் இல்லாமல் போவதற்கும் காரணம் இதுவே. கூட்டம் உள்ள நேரத்தில் பத்துப் பஸ்கள் முட்டி மோதும். கூட்டம் குறைந்ததும் ஒன்றும் இராது. பகுதிநேர வகுப்பு முடிந்து வரும் மாணவிக்கும் இரவுக் கடமை முடிந்து திரும்பும் தாதிக்கும் முச்சக்கரவண்டியே கதி.

உரிமையாளர் மாறினார், விதி மாறவில்லை

எமது நாட்டின் பஸ் வரலாறு பல நாடுகளுக்குப் பாடமாக அமையக்கூடியது. தனியார் பஸ் கம்பனிகளின் சீர்கேடுகளை 1948 இல் இரத்தினம் அறிக்கையும் 1954 இல் சன்சோனி அறிக்கையும் ஆராய்ந்தன. 1958 ஜனவரி 1 ஆம் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. வெரஹெர வேலைத்தளம், டிப்போக்கள், பருவச்சீட்டு, கிராமத்துக்கான கடைசி பஸ் என்று மக்கள் இன்றும் நினைவுகூரும் பல நன்மைகள் அதிலிருந்து கிடைத்தன. ஆனால் பிற்காலத்தில் அரசியல் நியமனங்களும் நட்டமும் பெருகின.

1978 இல் சபை பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டது. 1979 இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. இம்முறை வந்தவை பெரிய கம்பனிகள் அல்ல. ஆளுக்கு ஒரு பஸ் வைத்திருக்கும் சிறு முதலாளிகள். 1990களின் ஆரம்பத்தில் டிப்போக்கள் மக்கள்மயமாக்கப்பட்டுக் கம்பனிகளாக்கப்பட்டன. அவை நிலைக்கவில்லை. 2005 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் எல்லாம் மீண்டும் ஒன்றாக்கப்பட்டு இன்றைய இலங்கை போக்குவரத்துச் சபை தோன்றியது.

அரசு, தனியார், மக்கள் கம்பனி, மீண்டும் அரசு என்று உரிமையாளர் மாறிக்கொண்டே இருந்தார். ஏறும் தலையை எண்ணிச் சம்பாதிக்கும் விதி மாத்திரம் வீதியில் அப்படியே இருந்தது.

ஒழுங்குபடுத்தும் நிறுவனங்கள் இல்லாமலில்லை. 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி மாகாணத்துக்குள் ஓடும் பஸ்கள் மாகாண சபைகளின் பொறுப்பில் வந்தன. மாகாணம் விட்டு மாகாணம் செல்பவற்றுக்காக 1991 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஆனால் அனுமதிப்பத்திரம் வழங்குவது வேறு, ஒரு சேவையைத் திட்டமிட்டு நடத்துவிப்பது வேறு. முதலாவதுக்கு ஒரு முத்திரையும் ஒரு கோப்பும் போதும். இரண்டாவதுக்கு அறிவு வேண்டும்.

ஏனைய நாடுகள் கற்ற பாடம்

1989 இல் அவுஸ்திரேலியாவின் திரெட்போ என்ற மலை ஊரில் போக்குவரத்து ஆய்வாளர்கள் சிலர் கூடினார்கள். பஸ், ரயில் போன்ற தரைவழிப் பயணிகள் போக்குவரத்தில் போட்டியும் உரிமையும் எப்படி அமைய வேண்டும் என்பதே அவர்களின் தலைப்பு. அந்த ஊரின் பெயராலேயே அம்மாநாடு இன்றுவரை தொடர்கிறது. அத்தகைய ஆய்வுகள் வலியுறுத்தி வந்த ஒரு வேறுபாட்டை எளிய தமிழில் இப்படிச் சொல்லலாம்: ஒன்று வீதிக்குள் நடக்கும் போட்டி, மற்றையது வீதிக்கான போட்டி.

வீதிக்குள் போட்டி என்பது நாம் மேலே கண்ட பந்தயம். வீதிக்கான போட்டி என்பது கேள்விப்பத்திரம் மூலம் நடப்பது. இந்தத் தடத்தில், இந்த நேரங்களில், இந்தத் தரத்தில், ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்கு என்ன தொகை கேட்கிறீர்கள் என்று அதிகாரசபை கேட்கும். தகுதியும் நியாயமான விலையும் உள்ளவர் சில ஆண்டுகளுக்கு அந்தச் சேவையைப் பெறுவார். போட்டி மேசையில் முடிந்துவிடும்; வீதியில் பஸ் மாத்திரம் ஓடும்.

சிலி நாடு 1980களில் தலைநகர் சந்தியாகோவில் பஸ் தொழிலைக் கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டது. பஸ்கள் பெருகின. நிரம்பல் கூடினால் விலை குறையும் என்பது பாடநூல். ஆனால் அங்கு கட்டணம் உயர்ந்தது. வீதியில் நிற்கும் பிரயாணி விலை பேசிக்கொண்டிருப்பதில்லை, முதலில் வரும் பஸ்ஸில் ஏறிவிடுகிறார் என்பது அதற்கு ஒரு காரணம். உரிமையாளர் சங்கங்கள் ஒன்றுகூடிக் கட்டணத்தைத் தீர்மானித்தது மற்றொரு காரணம்.

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் பிரயாணிகளுக்காக பஸ்கள் மோதிக்கொள்வதைச் சதத்துக்கான யுத்தம் என்றே மக்கள் அழைத்தார்கள். 2000 டிசம்பரில் அங்கு டிரான்ஸ்மிலேனியோ சேவை ஆரம்பமானது. பஸ்ஸுக்கெனத் தனிப்பாதை அமைந்ததை எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது பணம் செல்லும் பாதை. கட்டணத்தை அறவிடுவது ஒரு தனி நிறுவனம். பணம் ஒரு பொறுப்பு நிதியத்துக்குச் செல்லும். பிரதான பாதையில் பஸ் ஓட்டும் கம்பனிகளுக்கு ஓடிய கிலோமீற்றருக்கு ஏற்பக் கொடுப்பனவு. சாரதி காசைத் தொடுவதே இல்லை. பழைய பஸ் உரிமையாளர்கள் புதிய கம்பனிகளில் பங்குதாரர்களாகச் சேர வழி செய்யப்பட்டது. பிற்காலத்தில் நெரிசல் அங்கு பெரும் முறைப்பாடானது உண்மை. ஆயினும் அந்தப் பிரதான பாதைகளில் சதத்துக்கான யுத்தம் ஓய்ந்தது.

இதைப் பார்த்து அதே சந்தியாகோ 2007 பெப்ரவரி 10 ஆம் திகதி நகரின் பஸ் முறை முழுவதையும் ஒரே நாளில் மாற்றியது. திட்டம் நிபுணர்களால் தீட்டப்பட்டதே. ஆனால் பஸ்களைக் கண்காணிக்கும் கருவிகள் தயாராகவில்லை. தனிப்பாதைகள் முடியவில்லை. பிரயாணிகள் குறைந்தாலும் வருமானம் பெருமளவில் உறுதி என்று ஒப்பந்தம் இருந்ததால் பஸ்களை வெளியே எடுக்கக் கம்பனிகளுக்கு அவசரமும் இல்லை. மக்கள் மணிக்கணக்கில் காத்து நின்றனர். அடுத்த மாதமே ஜனாதிபதி மிச்செல் பச்லெட் நாட்டு மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோர நேர்ந்தது. ஒப்பந்தம் எழுதத் தெரிவது ஒரு திறமை. அதை நாளாந்தம் கண்காணிக்கத் தெரிவது அதைவிடப் பெரிய திறமை.

நைஜீரியாவின் லாகோஸ் நகரம் எமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். அங்கும் ஆளுக்கு ஒரு வான், ஒரு பஸ் என்ற நிலைதான். 2002 இல் லாகோஸ் மாநிலம் போக்குவரத்துக்கெனத் தனியான அதிகாரசபை ஒன்றைச் சட்டத்தால் உருவாக்கியது. அதன் அதிகாரிகளும் பஸ் தொழிற்சங்கத் தலைவர்களும் தென்னமெரிக்க நகரங்களுக்குச் சென்று நேரில் பார்த்தார்கள். எதிர்க்கக்கூடியவர்களையே அழைத்துச் சென்று கற்பித்தமை இங்கு முக்கியம். 2008 மார்ச்சில் 22 கிலோமீற்றர் நீளமான பஸ் பாதை திறக்கப்பட்டபோது அதில் பஸ் ஓட்ட முன்வந்தது அந்தத் தொழிற்சங்கம் அமைத்த கூட்டுறவு நிறுவனம்.

ஆய்வும் பயிற்சியும் எங்கே தடைப்படுகின்றன?

எமது நாட்டில் ஆய்வுக்குப் பஞ்சமில்லை. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து முகாமைத்துவம் ஒரு பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. பஸ் துறையைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து எழுதிவரும் பேராசிரியர் அமல் குமாரகே தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் தலைவராகவும் பணியாற்றியவர். ஆய்வாளர் ஒருவர் நிர்வாகியின் கதிரையில் அமர்ந்த அரிய சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

ஆய்வு நடைமுறைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கட்டணச் சூத்திரம் சாட்சி. முன்னர் கட்டணம் கூட்டுவதற்கு வேலைநிறுத்தமும் அமைச்சர் வீட்டுப் பேச்சுவார்த்தையும் தேவைப்பட்டன. டீசல், டயர், உதிரிப்பாகம், சம்பளம், வட்டி ஆகியவற்றுக்கு உரிய நிறை கொடுத்து ஆண்டுதோறும் கட்டணத்தைக் கணிக்கும் கொள்கை 2002 இல் வந்தது. அதில் எத்தனையோ தடவை அரசியல் கைவைத்தாலும் பேசுவதற்கு ஒரு கணக்கு கிடைத்தது. 2021 டிசம்பர் இறுதியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவாகியது. 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த ஆகக்குறைந்த பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபாவைத் தொட்டது. பின்னர் டீசல் இறங்கியபோது கட்டணமும் இறங்கியது. மக்கள் பட்ட கஷ்டம் மறக்க முடியாதது. ஆனால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஓர் அளவுகோல் இருந்தது.

2005 இல் ஆரம்பமான சிசு செரிய பாடசாலைச் சேவை இன்னோர் உதாரணம். மாணவரிடம் குறைந்த கட்டணம், பஸ் நடத்துபவருக்கு அரசின் கொடுப்பனவு. சேவைக்குப் பணம் கொடுத்து நேரத்துக்கு ஓடச் செய்வது இலங்கையில் முடியாத காரியமல்ல என்பதற்கு இதுவே ஆதாரம்.

தடை எங்கே என்றால், கீழ்மட்டத்தில். ஒரு மாகாண அதிகாரசபைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? தடத்தில் எந்த நேரத்தில் எத்தனை பேர் பயணிக்கிறார்கள் என்று எண்ணத் தெரிய வேண்டும். ஒரு கிலோமீற்றரின் உண்மையான செலவைக் கணிக்கத் தெரிய வேண்டும். அட்டவணை வகுக்கவும், ஒப்பந்தம் எழுதவும், அது மீறப்பட்டால் அபராதத்தைக் கொடுப்பனவிலிருந்து கழிக்கவும் தெரிய வேண்டும். உரிமையாளர் சங்கங்களோடு பொறுமையாகப் பேசவும் தெரிய வேண்டும். சாரதிக்கும் நடத்துநருக்கும் பயிற்சி அவசியம் என்று எல்லோரும் சொல்கிறோம். அவர்களை நிர்வகிக்கும் அதிகாரிக்கும் நேரக்கணிப்பாளருக்கும் பயிற்சி அவசியம் என்று சொல்பவர் குறைவு. அதிக பணம் தருபவருக்கே அனுமதிப்பத்திரம் என்ற முறையில் ஒரு தடம் வழங்கப்படுமானால், அந்தப் பணத்தை அவர் பிரயாணியின் தலையிலிருந்தும் சாரதியின் வேகத்திலிருந்தும்தான் மீட்பார். இது தெரியாதவர் கேள்விப்பத்திரம் கோரினால் விளைவு என்னவாகும்?

அறிவு பகிரப்படாத இடத்தில் சந்தேகம் குடியேறும். இ.போ.ச. பஸ்களும் தனியார் பஸ்களும் ஒரே அட்டவணையில் ஓட வேண்டும் என்ற ஏற்பாடு பல இடங்களில் பல வருடங்களாகப் பிரச்சினையாகவே இருந்து வந்தது. 2025 ஆகஸ்ட் இறுதியில் இ.போ.ச. தொழிற்சங்கங்கள் ஒருங்கிணைந்த அட்டவணைக்கு எதிராக வேலைநிறுத்தத்தில் இறங்கின. தமது வருமானம் தனியாருக்குப் போய்விடும் என்பது ஒரு தரப்பின் அச்சம். தமது நேரம் சபைக்குப் போய்விடும் என்பது மறுதரப்பின் அச்சம். வசூலைத் தனித்தனியே எண்ணும் வரை இரு அச்சங்களும் நியாயமானவையே.

அரச பஸ் என்றால் பாதுகாப்பு, தனியார் பஸ் என்றால் ஆபத்து என்று பிரித்துப் பார்ப்பதும் சரியாகாது. 2025 மே 11 ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இ.போ.ச. பஸ் கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்து 20 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இருக்கைக்கு மேல் ஏற்றுவதும் தூரப் பயணத்தில் சாரதியின் ஓய்வை எவரும் கணக்கெடுக்காததும் இரு தரப்புக்கும் பொதுவான நோய்கள்.

என்ன செய்யலாம்?

கிலோமீற்றருக்குப் பணம் கொடுக்க அரசிடம் பணம் ஏது என்று சிலர் கேட்கலாம். எல்லாத் தடங்களுக்கும் மானியம் தேவையில்லை. கூட்டமுள்ள தடத்தின் வசூல் அத்தடத்தின் செலவை ஈடுசெய்யக் கூடியது. அது வீணாகும் இடம் பந்தயத்தில்தான். மானியம் வேண்டியவை கிராமத் தடங்களும் இரவுச் சேவைகளும். அவற்றை அடையாளம் கண்டு, எவ்வளவு என்று கணித்து, வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும்.

அரசு வரும்வரை காத்திருக்காமல் உரிமையாளர்கள் தாமே தொடங்கக்கூடிய ஒரு காரியமும் உண்டு. ஒரு தடத்தில் ஓடும் பத்துப் பதினைந்து பேர் ஒன்றுசேர்ந்து ஒரு கம்பனியாகவோ கூட்டுறவுச் சங்கமாகவோ பதிவு செய்யலாம். நாளாந்த வசூலைப் பொதுவில் சேர்த்து, ஓடிய கிலோமீற்றருக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளலாம். எமது உதாரணத்தில் 4,500 உம் 1,500 உம் ஆளுக்கு 3,000 ஆகிவிடும். சாரதிக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம். டயரையும் எண்ணெயையும் மொத்தமாக வாங்கலாம். ஒரு பஸ் கராஜில் நின்றாலும் லீசிங் தவணை தவறாது. ஆனால் இதற்குப் பிரயாணச்சீட்டு இயந்திரமும் நேர்மையான கணக்கும் அவசியம். கணக்கு பிசகினால் ஒரு மாதத்தில் சங்கம் உடைந்துவிடும்.

இத்தொழிலில் புதிதாக இறங்க நினைப்பவர்கள் பஸ்ஸைப் பார்க்கப் போவதற்கு முன் அந்தத் தடத்தில் ஒரு வாரம் பிரயாணியாகப் பயணித்துப் பாருங்கள். அனுமதிப்பத்திரம் எவர் பெயரில் உள்ளது, எப்போது காலாவதியாகிறது என்று விசாரியுங்கள். அட்டவணை காகிதத்தில் மாத்திரம் உள்ளதா, வீதியிலும் உள்ளதா என்று கவனியுங்கள். முன்னவரும் பின்னவரும் துரத்திக்கொள்ளும் தடமாக இருந்தால், எவ்வளவு கூட்டமிருந்தாலும் அது உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பான இடமல்ல.

மாகாண அதிகாரசபைகளிடம் நாம் கேட்க வேண்டியதும் பெரிய விடயமல்ல. ஒவ்வொரு மாகாணமும் ஒரேயொரு தடத்தைத் தெரிவு செய்யட்டும். பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு அதில் பிரயாணிகளை எண்ணட்டும். அதிகாரிகளையும் உரிமையாளர்களையும் ஊழியர்களையும் ஒரே வகுப்பறையில் இருத்திக் கற்பிக்கட்டும். அதன்பின் ஓராண்டுக்கு அத்தடத்தைச் சம்பளச் சாரதிகளுடனும் பொது வசூலுடனும் ஓட்டி, வரவு செலவைப் பத்திரிகைகளில் வெளியிடட்டும். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அடுத்த தடத்தின் உரிமையாளர்களை எவரும் வற்புறுத்தத் தேவைப்படாது.